மடிநோய்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது? வன்னிக் கறவை மாட்டுக்காரருக்கு

காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் பட்டிகள் மேட்டுக்காணிகளுக்கும் காட்டோரத்துக்கும் போய்விடும். மழை விழ விழ பட்டியடி சேறாகும். அன்றிலிருந்து தை முடியும்வரை என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் மடியைப் பற்றியவைதான், அதாவது கிருமி புகுந்து மடிக்குள் அழற்சி உண்டாகிற மடிநோயைப் பற்றியவை. வட்டக்கச்சியில் ஜேர்சிக் கலப்பு இரண்டு மூன்றைக் கொட்டிலில் கட்டிக் கறப்பவர் கேட்பதும், துணுக்காய்ப் பக்கம் நாட்டு மாட்டுப் பட்டி வைத்திருப்பவர் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே. "பால் திரியுது, என்ன ஊசி போடலாம்?"

ஊசி என்பது கடைசியில் வருகிற கேள்வி. கண்ட அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு கூடியது பின்னால் வரும். எந்த இடத்தில் கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும் என்பதையும் அங்கங்கே எழுதியிருக்கிறேன்.

கையில் மூன்று பொருள் இருக்கட்டும். அடி கறுத்த தட்டு அல்லது கோப்பை ஒன்று. மனிதருக்கு வைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று, அதன் வெளிமுனையில் நூல் கட்டி மாட்டுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரைத்த போத்தல் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் மடிநோயைப் பற்றிப் பேசுவது ஊகம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்: இது காத்திருக்கக் கூடியதா?

மாட்டின் குதத்தில் வெப்பமானியை வையுங்கள். முனை உள்ளே ஒரு பக்கச் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். நல்ல மாட்டுக்கு 38 இலிருந்து 39.3 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படிப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள்:

- மாடு எழும்பவில்லை, அல்லது எழும்பித் தள்ளாடுகிறது.
- வெப்பம் 40 பாகைக்கு மேல். அல்லது மடி வீங்கியிருக்க உடம்பு 38 க்குக் கீழே போய்விட்டது. பின்னது இன்னும் மோசம்.
- கண் உள்ளே போயிருக்கிறது, காது குளிர்ந்திருக்கிறது, அசைபோடவில்லை.
- பாலுக்குப் பதில் தேநீர் நிறத் தண்ணீரோ இரத்தம் கலந்த நீரோ வருகிறது.
- முலையின் (மடியின் நாலு பாகங்களில் ஒன்று) தோல் நீலமாக, கறுப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது.

இவற்றுக்குக் காலை வரை காத்திருக்க வேண்டாம். இந்த நிலையில் மாடு ஒரே இரவில் செத்துப்போகக்கூடும். வைத்தியர் வரும்வரை செய்யக்கூடியவை: குடிக்கக் கூடியளவு தண்ணீர் வையுங்கள், காய்ந்த இடத்துக்கு நகர்த்துங்கள், ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தால் நெஞ்சில் ஊன்றிப் படுக்க வைத்து வைக்கோல் முட்டுக் கொடுங்கள், அந்த முலையை மெதுவாகப் பீச்சி வெறுமையாக்குங்கள். பீச்சியதை நிலத்தில் விடாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்துத் தூரத்தில் புதையுங்கள். மாரிக்குளிரில் நனைந்து நிற்கிற மாட்டுக்கு நோய் இல்லாமலே காது குளிரும் என்பதால் காதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கில் எத்தனை மாடு விறைத்துச் செத்தன என்பது நமக்குத் தெரியும். காதோடு மடியையும் வெப்பமானியையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி 1: பாலில் திரள் இருக்கிறது, மடி சாதாரணமாக இருக்கிறது

முதல் மூன்று நான்கு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால்தான் இது தெரியும். வாளிக்குள் நேரே கறந்தால் நுரையில் மறைந்துவிடும். நாலு முலையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

*முதல் பீச்சில் மட்டும் ஒன்றிரண்டு திரள், பிறகு நல்ல பால்:* முலைத்துளையில் முந்திய நாள் தேங்கிய பாலாக இருக்கலாம். காலை ஒருவேளை மட்டும் கறந்து பட்டியை விடுகிற இடங்களில் இது அடிக்கடி வரும். மருந்து வேண்டாம். அடுத்த இரண்டு நாளும் அந்த முலையைக் கடைசியாகக் கறந்து, முழுக்க வெறுமையாக்குங்கள். மூன்றாம் நாளும் இருந்தால் அடுத்த வரிக்குப் போங்கள்.

*பத்துப் பீச்சுக்குப் பிறகும் திரள் வருகிறது, அல்லது பால் நீர்த்திருக்கிறது:* இது மடிநோய்தான், மெல்லிய வடிவம். மாடு நன்றாகச் சாப்பிட்டு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் இது நள்ளிரவு அவசரம் அல்ல. ஆனால் அன்றைய பகலுக்குள் வைத்தியருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் எதையும் ஏற்ற வேண்டாம். மருந்து ஏற்றிய பிறகு எடுக்கிற பால் மாதிரியில் கிருமி பெரும்பாலும் வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று அறிகிற வாய்ப்பு அதோடு போய்விடும்.

இரண்டு நிலையிலும் அந்த மாட்டை வரிசையின் கடைசிக்கு மாற்றுங்கள். இன்றே.

அறிகுறி 2: ஒரு முலை வீங்கி, சூடாகி, தொட்டால் உதைக்கிறது

இதை மாட்டுக்காரருக்கு முன் கன்று கண்டுபிடிக்கும். பின்னேரம் பட்டி திரும்பும்போது கன்றை உதைத்துத் தள்ளுகிற தாய் எது, பின்னங்காலை அகட்டி நடக்கிறது எது என்று வாசலில் நின்று பாருங்கள். காட்டில் மேய்கிற மாட்டை அவதானிக்க அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைக்கிறது.

*பால் நன்றாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வீக்கம்:* அடி, முள், கொம்புக் குத்து. தோலில் காயம் தேடுங்கள். காய்ந்த முள் உள்ளே இருந்தால் எடுத்துவிட்டு அயடின் போடுங்கள். முதல் நாள் குளிர்ந்த தண்ணீர்த் துணி ஒற்றலாம். இரண்டு நாளில் வற்றாவிட்டால், அல்லது பால் மாறினால், நோயாகக் கொள்ளுங்கள்.

*முதற்கன்று ஈனும் நாகு, ஈனுவதற்குச் சற்று முன்னோ பின்னோ, மடி முழுவதும் தொப்புள் வரை வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, சூடில்லை:* இது நீர்வீக்கம். மடிநோய் அல்ல. நடக்க விடுங்கள், உப்பும் தவிடும் மிகையாக வைப்பதை நிறுத்துங்கள். இரண்டு கிழமைக்குள் இறங்கும்.

*பால் மாறியிருக்கிறது, முலை இறுகிச் சூடாக இருக்கிறது:* மடிநோய். வெப்பம் பாருங்கள். 39.5 க்கு மேல் என்றால் அன்றே வைத்தியர். கீழே என்றாலும் 24 மணி நேரத்துக்குள். இடையில் மூன்று நான்கு மணிக்கொருமுறை அந்த முலையைப் பீச்சி வெறுமையாக்குவது வலியைக் குறைக்கும்.

மஞ்சளும் கற்றாளையும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பார்கள். மேலே பூசுவதால் கெடுதி இல்லை, கறக்க முன் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு சேர்ப்பதானால் வெடித்த தோலில் பட விடாதீர்கள். ஆனால் பூச்சை நம்பி மூன்று நாள் கழித்து வைத்தியரை அழைத்தால் அந்த முலை பெரும்பாலும் திரும்பி வராது. பூசிக்கொண்டே அழையுங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. பால் வராத துளைக்குள் ஈர்க்கு விடுவது. மனிதருக்கு வாங்கிய மருந்தையோ, போன வருசம் மிஞ்சிய ஊசிமருந்தையோ முலைக்குள் ஏற்றுவது. ஈர்க்கால் உள்ளே கீறிய காம்பு தழும்பாகி அடைந்துபோகும். நோயால் கெட்டதைவிட ஈர்க்கால் கெட்ட காம்பைத் திருத்துவது கடினம்.

அறிகுறி 3: வெளியே ஒன்றும் தெரியவில்லை. பால் குறைகிறது, சேகரிப்பு நிலையம் திருப்பி அனுப்புகிறது, தயிர் சரியாக உறையவில்லை

மற்ற அறிகுறிகளைவிட இதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன். வீங்கிய மடியைக் கண்டு நாம் ஓடுகிறோம். வீங்காத மடியில்தான் பணம் போகிறது. மாடு சாப்பிடுகிறது, பால் வெள்ளையாக இருக்கிறது, ஆனால் இரண்டு போத்தல் கறந்தது ஒன்றரையாகிறது. அதைப் புல் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் அந்த மடியிலிருந்து நம் கையால் கிருமி மற்ற மாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் எளிய காரணங்களைத் தள்ளுங்கள்.

*எல்லா மாட்டிலும் ஒரேயடியாகப் பால் குறைந்தால்:* தீனும் தண்ணீரும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி மேய்ச்சல் கருகிய காலத்தில் இதை மடிநோய் என்று தேடுவது வீண்.

*பால் புளித்துத் திரும்பினால்:* கானும் வாளியும், நேரமும். காலை 6 மணிக்குக் கறந்தது வெயிலில் 9 மணிவரை நின்றால் நல்ல மடியின் பாலும் திரியும். கானைக் கொதிநீரால் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து மூன்று நாள் பாருங்கள்.

*ஈன்று சில நாளான மாடும், வற்றப்போகிற மாடும்* கலந்த பால் சேகரிப்பு நிலையத்துச் சாராயச் சோதனையில் திரியலாம். கடும்புப்பாலை கானில் சேர்க்காதீர்கள்.

*தயிர் உறையவில்லை:* அண்மையில் யாராவது மாட்டுக்கு மருந்து போட்டீர்களா? அன்ரிபயோற்றிக் கலந்த பாலில் உறைமோரின் நல்ல கிருமிகள் வளராது. காய்ச்சினாலும் அந்த மருந்து முழுவதும் அழிவதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் சலவைத்தூள் சோதனை. நாலு வெள்ளைக் கோப்பை எடுத்து, முதல் பீச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு முலையிலிருந்தும் ஒரு மேசைக்கரண்டி பால் விடுங்கள். அதே அளவு சலவைத்தூள் கரைசல் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும்.

தண்ணீராகவே ஓடினால் அந்த முலை நல்லது. அடியில் சளி இழுத்து, சாய்த்தால் கட்டியாக வழுக்கினால் உள்ளே அழற்சி இருக்கிறது. ஏனென்றால் கிருமியோடு போராட மடிக்கு வந்த வெள்ளணுக்கள் உடைந்துதான் அப்படிக் கூழாகும். ஒரு மில்லிலீற்றரில் 2 இலட்சத்துக்கு மேல் அணுக்கள் என்பதே நோய்க்கான பொது எல்லை. கடையில் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைத் தட்டும் நீர்மமும் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், வாசிக்க இலகு. தூள் சோதனையும் அதே வேலையைச் செய்கிறது.

ஈன்ற முதற் கிழமையிலும் வற்றுக்கு நெருங்கிய நாட்களிலும் நாலு கோப்பையும் கூழாகலாம். அப்போது நோய் என்று முடிவெடுக்காதீர்கள். மூன்று தண்ணீராக ஓட ஒன்று மட்டும் கூழானால் அதுதான் நம்பத்தக்க விடை.

*கூழான முலை ஒன்றிரண்டு மாட்டில்:* அவற்றைக் கடைசியாகக் கறவுங்கள், கறந்ததும் காம்பை அயடினில் தோயுங்கள், இரண்டு கிழமையில் மறுபடி சோதியுங்கள். இடையில் தானாகத் தெளிவதும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த மறைநோய்க்கு மருந்து ஏற்றுவது பெரும்பாலும் செலவுக்கு ஈடாகாது. வற்றுக் காலத்தில் (ஈனுவதற்கு முன் பாலை நிறுத்திவிடும் காலம்) வைத்தியர் மூலம் செய்வதே பலன் தரும். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

*கூழான முலை பல மாட்டில்:* அறிகுறி 6 க்குப் போங்கள். பழுது மாட்டில் இல்லை.

அறிகுறி 4: பாலில் இரத்தம்

ஈன்ற முதற் சில நாள் நாலு முலையிலும் இளஞ்சிவப்பாக வந்தால் மடி வேகமாகப் பெருத்ததில் சிறு நாளங்கள் உடைந்திருக்கும். பதறவேண்டாம். முரட்டுத்தனமாகக் கசக்காமல் கறவுங்கள். ஒரு கிழமைக்கு மேல் போனால், அல்லது இரத்தக் கட்டி வந்தால் வைத்தியர். ஒரு முலையில் மட்டும், இடைக்காலத்தில் வந்தால் அடிபட்டிருக்கும். இரத்தத்தோடு காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்தால் மேலே சொன்ன அவசரப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: நாலு முலையும் ஒரே நாளில் தடித்த மஞ்சள் பாலாகிறது, மடி தளர்ந்து மெத்தென்று இருக்கிறது

மடிநோய் பொதுவாக ஒன்றிரண்டு முலையில் தொடங்கும். நாலிலும் ஒரே நேரத்தில், வீக்கமே இல்லாமல், கடும்புப்பால் போல வந்து, பால் திடீரென்று விழுந்தால் எலிக்காய்ச்சல் கிருமியை நினைக்க வேண்டும். வெள்ளம் நின்ற வயலும் குளக்கரையும் மேய்கிற வன்னி மாட்டுக்கு இது வரக்கூடியது. சினைமாடு கருச்சிதைந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

இதில் சுயவைத்தியம் வேண்டாம். வைத்தியரைக் கூப்பிடுங்கள். இந்த மாட்டின் சலத்திலும் பாலிலும் உள்ள கிருமி மனிதருக்குத் தொற்றும். கையில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் கறக்கக் கூடாது. கறந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டின் கதையையும் சொல்லுங்கள். அது வைத்தியருக்கு மிகவும் உதவும்.

அறிகுறி 6: ஒரு மாடு முடிய அடுத்த மாடு. பட்டியே நோயாகிறது

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் என்று அறிய மூன்று கேள்விகள் கேளுங்கள். மழைக்குப் பின் தொடங்கியதா, மழையில்லாமலே ஓடுகிறதா? வருகிற நோய் திடீரென்று, காய்ச்சலோடு வருகிறதா, மெதுவாக, திரளும் கட்டியுமாக வருகிறதா? கறக்கிற வரிசையில் அடுத்தடுத்த மாட்டுக்கு வருகிறதா, வரிசைக்குத் தொடர்பில்லாமல் வருகிறதா?

*மழை, திடீர், வரிசையில்லாமல்:* சேறும் சாணியும். ஈ.கோலை போன்ற சாணிக் கிருமிகள் மாடு படுக்கும் இடத்திலிருந்து நேரே காம்புத்துளைக்குப் போகின்றன. செலவில்லாத முதல் வேலை பட்டியை மாற்றுவது. அறுவடைக்குப் பிறகு எருவுக்காக வயல் வயலாகப் பட்டி அடைக்கிற நமக்கு அந்த வேலை புதிதல்ல. மாரியிலும் அதையே மேட்டுக்குச் செய்யுங்கள். தண்ணீர் வடிகிற சரிவு, மாட்டுக்கு நெருக்கமில்லாத இடம். கொட்டிலில் கட்டுபவர் தினமும் சாணி அள்ளி, மணல் அல்லது நன்கு காய்ந்த வைக்கோல் போடுங்கள். நனைந்த உமியும் மரத்தூளும் படுக்கைக்கு ஆகாது. சில கிருமிகள் அவற்றில் வேகமாகப் பெருகும்.

இரண்டாவது, மடியைக் குளத்து நீரால் முழுக்கக் கழுவுவதை நிறுத்துங்கள். மடி முழுவதும் நனைந்தால் அழுக்குநீர் வழிந்து காம்பின் நுனியில் நிற்கும், அதைக் கையால் உள்ளே தள்ளுகிறோம். காம்பை மட்டும் கிணற்று நீரால் கழுவி, காயத் துடைத்துக் கறவுங்கள். ஈரக் காம்பைக் கறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, கறந்ததும் மாடு படுக்கக் கூடாது. துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் புல்லோ புண்ணாக்குத் தவிடோ வையுங்கள். நின்று தின்னும்.

*மழையில்லை, மெதுவாக, வரிசைப்படி:* கையும் துணியும். ஸ்ரெபிலோகொக்கஸ் ஒரியஸ், ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே என்ற இரண்டும் பெரும்பாலும் கறவை நேரத்தில்தான் மாடுவிட்டு மாடு போகின்றன. இதற்கு மருந்தை முதலில் வாங்கினால், ஒரு பக்கம் மாற்ற மறுபக்கம் தொற்றிக்கொண்டே இருக்கும். செலவு வரிசைப்படி:

ஒரு துணியால் எல்லா மாட்டையும் துடைப்பதை நிறுத்துங்கள். மாட்டுக்கொரு துணி, கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்து அடுத்த நாள். துணி இல்லையென்றால் மாட்டுக்கொரு கடதாசித் துண்டு.

கறக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் முதற்கன்று நாகுகள், பிறகு நல்ல மாடுகள், கடைசியில் நோயான மாடு. மாட்டுக்கு மாடு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விரலில் எச்சிலோ பாலோ எண்ணெயோ தொட்டுக் கறப்பது நெடுநாட் பழக்கம். அதை விட்டேயாக வேண்டும். பெருவிரலை மடித்து முட்டியால் இழுத்துக் கறப்பதும் காம்பைக் காயப்படுத்துகிறது. முழுக் கையால் மேலிருந்து கீழே பிழிந்து கறவுங்கள். கறக்கிற ஆளை மாற்ற முடியாது, முறையை மாற்றலாம். வீட்டுப் பெரியவர்தான் கறக்கிறார் என்றால் அவரிடம் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். நாலு கோப்பைச் சோதனையை அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். கூழைக் கண்டவர் கேட்பார்.

கறந்ததும் காம்புத் தோய்ப்பு. 10 சதவீத பொவிடோன் அயடின் 100 மில்லிலீற்றர், கொதித்தாறிய தண்ணீர் 80, கிளிசரின் 20. சிறு கோப்பையில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் முக்கால் பங்கு தோயுங்கள். பாவித்து மிஞ்சியதைப் போத்தலில் திருப்பி ஊற்றாதீர்கள். கிளிசரின் காம்பு வெடிக்காமல் காக்கும். கன்று குடிக்கிற மாடென்றால் கன்று குடித்து முடிந்த பிறகுதான் தோய்க்க வேண்டும். தன் தாயில் கன்று மிச்சத்தைக் குடிப்பது மடிக்கு நல்லது. ஒரு கன்று இன்னொரு தாயில் வாய் வைப்பதுதான் ஆபத்து. கட்டும் இடத்தைப் பிரியுங்கள். நோயான பாலை எந்தக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள்.

இவ்வளவும் ஒரு மாதம் விடாமல் செய்த பிறகும் புது மாடுகளுக்கு வந்தால், அல்லது ஒரே கிழமையில் மூன்று மாட்டுக்கு வந்தால், வைத்தியரிடம் பால் மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும் முறைதான் முடிவைத் தீர்மானிக்கும். காம்பு நுனியை 70 சதவீத அற்ககோல் பஞ்சால் துடைக்க வேண்டும், முதல் பீச்சுக்களை விட வேண்டும், கிருமி நீக்கிய போத்தலைச் சரித்துப் பிடித்து மூடியின் உட்புறத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும், ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அது கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் வரை போகும்.

அறிகுறி 7: மருந்து போட்டது, மாறியது, மறுபடி அதே முலையில்

*மருந்து இடையில் நின்றதா?* பெரும்பாலும் இதுதான். இரண்டாம் நாள் பால் வெள்ளையானதும் முலைக்குள் மருந்து ஏற்றுகிற ரியூப்பில் மிச்சத்தை வைத்துவிடுகிறார்கள். வைத்தியர் சொன்ன நாள்வரை போட வேண்டும். பால் தெளிவது நோய் போனதாகாது.

*ஏற்றிய முறை சுத்தமா?* முலையை வெறுமையாக்கி, நுனியை அற்ககோலால் துடைத்து, ரியூப்பின் முனையை அரை அங்குலத்துக்கும் குறைவாக மட்டும் விட்டு ஏற்ற வேண்டும். ஒரு ரியூப்பை இரண்டு முலைக்குப் பகிராதீர்கள். துடைக்காமல் ஏற்றினால் மருந்தோடு சாணிக் கிருமியும் உள்ளே போகும். மருந்து ஏற்றிய பின் மோசமான மடிகளில் பல இப்படித்தான் ஆகின்றன.

*இரண்டும் சரி, ஆனாலும் வருகிறது:* ஸ்ரெபிலோகொக்கஸ் ஒரியஸ் மடித் திசுவுக்குள் பொதிந்து ஒளிந்திருக்கும், மருந்து அங்கே எட்டாது. உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். இனி மூன்று வழி. வைத்தியர் சொல்லும் வற்றுக்கால மருந்து. அந்த ஒரு முலையைக் கறக்காமல் விட்டு வற்றச் செய்வது, இதையும் வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். கடைசியாக மாட்டைக் கழிப்பது. கழித்தால் கறவைக்கென்று இன்னொருவருக்கு விற்காதீர்கள். அடுத்த கிராமத்துப் பட்டிக்கு நோயை விலைக்குக் கொடுப்பதாகும் அது.

மருந்து ஏற்றிய நாள்களிலும், அதற்குப் பின் பெட்டியில் எழுதியுள்ள நாள்வரையிலும், நாலு முலைப் பாலையும் விற்கவோ குடிக்கவோ கூடாது. ஒரு முலையில்தான் ஏற்றினேன் என்று மற்ற மூன்றையும் கானில் சேர்ப்பவர் உண்டு. மருந்து இரத்தத்தோடு எல்லாப் பக்கமும் போகிறது. அந்த மாட்டின் பின்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், நீங்கள் இல்லாத நாளில் கறக்கிறவர் தெரிந்துகொள்வார்.

வற்றுக் காலத்தைப் பற்றி

அறிகுறி 3 க்கும் 7 க்கும் மிகப் பெரிய மருந்து இங்கேதான். ஈனுவதற்கு 60 நாளுக்கு முன் பாலை நிறுத்துங்கள். சினைப்படுத்திய திகதியை எழுதி வைத்திருந்தால்தான் இந்தக் கணக்குப் பிடிபடும். நாட்டு மாட்டுப் பட்டியில் நாம்பன் சேர்ந்த நாள் தெரியாது என்றால், சினை பார்க்க வைத்தியர் வரும்போது மாதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்கு முன்னிருந்தே தவிடும் புண்ணாக்கும் குறைத்து, ஒரு நாள் முழுக்கக் கறந்து, அத்தோடு நிறுத்துவது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இழுத்தடிப்பது கிருமிக்கு வழி திறந்துவிடும். கடைசிக் கறவையில் வைத்தியர் தந்த வற்றுக்கால ரியூப்பை நாலு முலைக்கும் ஏற்றி, காம்பைத் தோயுங்கள். பால் நிறுத்திய முதல் இரண்டு கிழமையும், ஈனுவதற்கு முந்திய இரண்டு கிழமையும் மடிக்கு நோய் இலகுவில் தொற்றும் காலம். அந்த நாள்களில் மாட்டைச் சேற்றில் படுக்கவிடாதீர்கள். தினமும் மடியைப் பாருங்கள், ஆனால் பீச்சாதீர்கள்.

அறிகுறி 8: புதிதாக ஈன்ற நாகுக்கு ஒரு முலை வேலை செய்யவில்லை

துளையில் மெல்லிய சவ்வோ பால்கட்டியோ இருந்தால் உருட்டிப் பார்க்க விரலில் தட்டுப்படும். அதை வைத்தியர் சிறு கருவியால் எடுத்துவிடுவார். முலை சிறுத்து, உள்ளே கயிறு போல இறுகியிருந்தால் நாகாக இருந்தபோதே நோய் வந்து போயிருக்கிறது. அது திரும்பாது. மூன்று முலையோடு கறக்கலாம். வராமல் தடுப்பதற்கு இலையானைக் கட்டுப்படுத்துங்கள். காம்பின் நுனியில் உட்காருகிற இலையான் கிருமியைக் கொண்டுவருகிறது. பின்னேரம் வேப்பிலைப் புகை போடுவதோடு எருக்குவியலைப் பட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

அறிகுறி 9: காம்பில் புண், கொப்புளம், கட்டி

வாயிலும் குளம்பிலும் சேர்ந்து கொப்புளம் இருந்தால் கால்வாய் நோய். உடம்பெங்கும் கட்டி இருந்தால் 2020 இல் இலங்கையில் முதலில் பதிவான தோல் கழலை நோய். இரண்டையும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். காம்பில் மட்டும் வெடிப்பென்றால் கிளிசரின் கலந்த தோய்ப்பும் மென்மையான கறவையும் போதும். புண் காம்பைக் கசக்கிக் கறந்தால் மாடு உதைக்கும், பால் மிஞ்சும், மிஞ்சிய பாலில் கிருமி வளரும். துளை நுனியே கிழிந்திருந்தால் 12 மணி நேரத்துக்குள் தைக்க வேண்டும். மண்ணும் மஞ்சளும் வைக்காமல் ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள்.